கிஃப்ட்: பரிசா, விஷமா, கல்யாணமா?

இன்னைக்கு எபிசோடில் ஒரே ஒரு சொல்லைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். நமக்கு நல்லாத் தெரிஞ்ச சொல்தான்: கிஃப்ட்.

ஆங்கிலத்தில் அது பரிசு. ஆனா ஜெர்மனியில் ஒரு பாட்டில் மேல அதே சொல் இருந்தா, கிட்டயே போயிடாதீங்க. அங்கே அதுக்கு அர்த்தம் விஷம்! ஸ்வீடனில் இன்னும் வேடிக்கை. எழுத்து அதேதான், உச்சரிப்பு 'யிஃப்ட்'. ஒரு அர்த்தம் விஷம், இன்னொரு அர்த்தம் 'கல்யாணம் ஆனவர்'. டேனிஷ், நார்வேஜியன் மொழிகளிலும் இதே ரெண்டு அர்த்தங்கள். உடனே கல்யாண ஜோக் அடிக்கத் தோணும். கொஞ்சம் பொறுங்க, உண்மைக் கதை அதைவிட சுவாரஸ்யம்.

இதெல்லாம் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். ஆங்கிலத்தில் 'கிவ்', ஜெர்மனில் 'கேபன்', ரெண்டுமே 'கொடு'தான். அப்போ கிஃப்ட்னா 'கொடுத்தது'.

சரி, கொடுத்தது எப்படி விஷமாச்சு? கிரேக்கத்தில் 'டோசிஸ்'னா கொடுத்தல். ஒரு வேளைக்குக் கொடுக்கிற மருந்தையும் அப்படித்தான் சொன்னாங்க. நம்ம மருந்துச் சீட்டில் வர்ற 'டோஸ்' அதிலிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லைப் பார்த்து ஜெர்மனிலும் கிஃப்ட்டை அதே மாதிரி பயன்படுத்தினாங்க. விஷம்னு பச்சையா சொல்லாம, 'கொடுத்தது'ன்னு நாசூக்கா சொல்றது. நாளடைவில் அந்த நாசூக்கு அர்த்தமே நிலைச்சுப் போச்சு, பரிசுங்கிற அர்த்தம் வழக்கொழிஞ்சது. பிரெஞ்சிலும் இப்படி நடந்திருக்கு. 'பாய்சன்'ங்கிற சொல் லத்தீனில் வெறும் 'பானம்'னு பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. டச்சுக்காரங்க புத்திசாலிகள். கடைசியில் 'ட்' இருந்தா நன்கொடை, இல்லாட்டி விஷம்னு பிரிச்சுக்கிட்டாங்க.

இப்போ கல்யாணத்துக்கு வருவோம். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு, மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் விலைன்னு அர்த்தம். பன்மையில் சொன்னா கல்யாணம். ஜெர்மனில் 'மிட்கிஃப்ட்'னா இன்னைக்கும் வரதட்சணை, அதாவது 'கூடவே கொடுத்தது'. ஸ்வீடிஷ் சொல்லின் அடியில் இருப்பது 'கொடுக்கப்பட்டவள்'. இப்போ ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவா சொல்றாங்க. ஆனா ஆரம்பத்தில் கைமாறியது பெண் மட்டும்தான்.

இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? கன்னிகாதானம்! அதில் இருக்கிற 'தானம்' சமஸ்கிருதச் சொல். கிரேக்க 'டோசிஸ்'க்கும் அதுக்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேர்.

இந்த எபிசோடுக்காகப் படிச்சுட்டிருந்தப்போ, எங்க வீட்டில் சாதாரணமா சொல்ற ஒரு வாக்கியம் காதில் விழுந்தது: "எங்க பொண்ணை மதுரையிலதான் கொடுத்திருக்கோம்." ஆயிரம் தடவை கேட்டதுதான். அன்னைக்குத்தான் அந்த 'கொடுத்திருக்கோம்' உறுத்துச்சு. ஸ்வீடிஷ் சொல்லில் புதைஞ்சு கிடக்கிற அர்த்தம், நம்ம வாயில் இன்னும் வெளிப்படையாவே இருக்கு.

உங்க வீட்டில் இதை எப்படிச் சொல்றாங்க? கவனிச்சுட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.