விலை பேசும் முன் மதிப்பை அறிவோம்

‘வீட்டைக் கட்டிப் பார்’ என்றனர் நம் முன்னோர். இன்று நகரங்களில் வாழும் நம்மில் பலர், கட்டிய வீட்டை வாங்கித்தான் பார்க்கிறோம். கட்டுபவருக்குச் செங்கல், சிமெண்ட், கூலி என ஒவ்வொன்றின் விலையும் கண்முன் தெரியும். வாங்குபவருக்குத் தெரிவதோ விற்பவர் சொல்லும் ஒற்றை எண் மட்டுமே. அந்த எண் சரிதானா என்று ஆராயாமல் முன்பணம் கொடுத்துவிட்டு, அதன் பிறகு கடன் கேட்டு வங்கிக்கு வருவோர் பலர். வங்கியின் மதிப்பீடு குறைவாக அமைந்துவிட்டால், பல ஆண்டுச் சேமிப்பு இக்கட்டில் சிக்கிக்கொள்கிறது. இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே காண்போம்.

ஒரு வீடு, இரண்டு கணக்கு

சென்னைப் புறநகர் ஒன்றில், 15 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் 900 சதுர அடி வீடு ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாகக் கொள்வோம். கேட்கும் விலை 72 லட்சம் ரூபாய்.

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்தின் மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையிலும், அதற்கு மேற்பட்ட கடனுக்கு 75 சதவீதம் வரையிலும் வழங்கலாம். எனவே 72 லட்சத்தில் 80 சதவீதமாகிய 57.6 லட்சம் கடனாகக் கிடைக்கும், மீதி 14.4 லட்சம் கையிலிருந்து போதும் என்று குடும்பம் கணக்கிடுகிறது. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 6.48 லட்சம் ஆகும். இச்செலவு பொதுவாகக் கடன் கணக்கில் சேராது. ஆக மொத்தம் 20.88 லட்சம் கையில் இருந்தால் வீடு நமதே என்று முடிவு செய்து முன்பணமும் கொடுத்தாயிற்று.

வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, வீட்டின் மதிப்பு 62 லட்சம் என்று அறிக்கை தருகிறார். ஒப்பந்த விலை, மதிப்பீடு ஆகிய இரண்டில் எது குறைவோ, அதையே வங்கிகள் பொதுவாக அடிப்படையாகக் கொள்ளும். எனவே கடன் 49.6 லட்சமாகக் குறைகிறது. கையிலிருந்து தர வேண்டிய தொகை 28.88 லட்சமாக உயர்கிறது. இடையில் விழுந்த 8 லட்சத்துக்கு நகையை அடகு வைப்பதா, முன்பணத்தை இழப்பதா என்பது கேள்வியாகிறது. விலை பேசுவதற்கு முன்பே மதிப்பைக் கணித்திருந்தால் இந்த நிலை வந்திராது.

மதிப்பைக் கணிக்கும் மூன்று வழிகள்

மதிப்பீட்டாளர்கள் கையாளும் முறைகளை நாமே எளிய அளவில் செய்து பார்க்கலாம்.

முதலாவது, ஒப்பீடு. அதே தெருவில், ஏறத்தாழ அதே வயதுள்ள வீடுகள் கடந்த ஓராண்டில் என்ன விலைக்குக் கைமாறின என்று விசாரிக்க வேண்டும். விளம்பரத்தில் காணும் விலை விற்பவரின் விருப்பமே ஆகும். உண்மையில் கைமாறிய விலையே நமக்குத் தேவை. குடியிருப்போர் சங்கத்தினர், அண்மையில் வாங்கியோர், ஒன்றுக்கு மேற்பட்ட தரகர்கள் ஆகியோரிடம் கேட்டால் நம்பத்தகுந்த எண் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் அது சதுர அடிக்கு 6,900 ரூபாய் எனில், வீட்டின் மதிப்பு 62.1 லட்சம்.

இரண்டாவது, நிலத்தையும் கட்டடத்தையும் தனித்தனியே மதிப்பிடுதல். அடுக்குமாடி வீட்டில் நமக்கு உரியது, மனையில் பிரிபடாத பாகம். அது எவ்வளவு என்பது கிரயப் பத்திரத்தில் இருக்கும். இந்த வீட்டுக்கு 450 சதுர அடி எனவும், அப்பகுதியில் நிலம் சதுர அடி 10,000 ரூபாய் எனவும் கொண்டால், நிலத்தின் மதிப்பு 45 லட்சம். இன்று கட்டுவதற்குச் சதுர அடிக்கு 2,400 ரூபாய் ஆகுமெனில், 900 சதுர அடிக்கு 21.6 லட்சம். ஆனால் கட்டடம் புதிதன்று. கான்கிரீட் கட்டடத்தின் ஆயுளை 60 ஆண்டு என்றும், இறுதியில் 10 சதவீத மதிப்பு எஞ்சும் என்றும் கொள்வது மதிப்பீட்டில் பெருவழக்கு. அதன்படி 15 ஆண்டுத் தேய்மானம் 22.5 சதவீதம், அதாவது 4.86 லட்சம். அதைக் கழித்தால் கட்டடம் 16.74 லட்சம். நிலமும் சேர்ந்து 61.74 லட்சம். கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிறது, நிலம் அப்படித் தேய்வதில்லை. எனவே பழைய வீட்டை வாங்குவோர் பிரிபடாத பாகத்தின் அளவை முதலில் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, வாடகை. இந்த வீடு மாதம் 18,000 ரூபாய்க்கு வாடகை போகுமெனில் ஆண்டுக்கு 2.16 லட்சம். 72 லட்சத்துக்கு அது 3 சதவீத வருவாய், 62 லட்சத்துக்கு ஏறத்தாழ 3.5 சதவீதம். அக்கம்பக்கத்து வீடுகள் தரும் வருவாய் விகிதத்தோடு இதை ஒப்பிட்டால், கேட்கும் விலை மிகையா என்பது புலப்படும்.

மூன்று வழிகளும் ஒரே இடத்தில் வந்து நின்றால், அந்த எண்ணை நம்பலாம். பெரிதும் வேறுபட்டால், காரணத்தை அறியும்வரை விலை பேச வேண்டாம்.

எந்தச் சதுர அடி?

ஒப்பீட்டில் பலரும் இடறுவது பரப்பளவில். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம், 2016, கார்பெட் பரப்பு எது என்பதை வரையறுத்துள்ளது. வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை நீங்கலாக, உட்சுவர்கள் உட்பட, வீட்டுக்குள் பயன்படும் தரைப்பரப்பே அது. பழைய வீடுகளிலோ படிக்கட்டு, மின்தூக்கி, நடைபாதை ஆகியவற்றின் பங்கையும் கூட்டிச் சொல்வது வழக்கம். 900 சதுர அடி எனப்படும் வீட்டை உள்ளே அளந்தால் 680 மட்டுமே இருக்கக்கூடும். ஒரு வீட்டின் மொத்தப் பரப்பையும் மற்றொன்றின் கார்பெட் பரப்பையும் ஒப்பிட்டால் கணக்கு முழுவதும் பிழையாகும்.

அரசின் மதிப்பும் சந்தையின் மதிப்பும்

தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு, தில்லியில் சர்க்கிள் ரேட், மகாராஷ்டிரத்தில் ரெடி ரெக்கனர் எனப் பெயர் எதுவாயினும், அது முத்திரைத் தீர்வைக்காக அரசு வகுத்த அளவு. சந்தை விலை அதற்கு மேலாகவோ கீழாகவோ இருக்கலாம். ஆனால் அதைப் புறக்கணிக்கவும் இயலாது. முத்திரைத் தீர்வைக்கு உரிய மதிப்பைவிட வாங்கும் விலை 10 சதவீதத்துக்கும் மேற்பட்டுக் குறைந்தால், அந்த வேறுபாடு வாங்குபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உள்ளாகக்கூடும்.

மூன்று எண்களுடன் செல்லுங்கள்

விலை பேசச் செல்லும் முன் மூன்று எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சொல்லும் விலை, நியாயமான விலை, இதற்கு மேல் இல்லை என்னும் வரம்பு. நம் எடுத்துக்காட்டில் மதிப்பு 62 லட்சம். குளியலறைக் கசிவையும் பழைய மின்கம்பிகளையும் சரிசெய்ய 1.5 லட்சம் ஆகுமெனில், நியாயமான விலை 60.5 லட்சம். 58 லட்சத்தில் பேச்சைத் தொடங்கி, 62 லட்சத்தை வரம்பாக வைக்கலாம். ‘இவ்வளவு குறைவாகக் கேட்கலாமா?’ என்று தயங்க வேண்டியதில்லை. கணக்கைக் காட்டிக் கேட்கும் விலை யாரையும் புண்படுத்தாது.

விற்பவர் ஏன் விற்கிறார், வீடு எத்தனை மாதமாக விற்பனையில் உள்ளது, சங்கத்துக்குப் பராமரிப்புக் கட்டணப் பாக்கி உண்டா, வாகன நிறுத்துமிடம் பத்திரத்தில் குறிப்பிடப்பட்டுள்ளதா, கோடையில் தண்ணீர் லாரியை நம்ப வேண்டியுள்ளதா ஆகியவற்றையும் கேட்டறியுங்கள். இயன்றால் மழை நாளில் ஒருமுறை சென்று பாருங்கள். சுவரில் கசிவு இருந்தால் அன்று தெரிந்துவிடும்.

முன்பணத்துக்கு முன்

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் மட்டும் சொத்தில் உரிமை எதையும் தந்துவிடாது. கிரயப் பத்திரம் பதிவான பிறகே வீடு நமதாகும். எனவே பெருந்தொகையை முன்பணமாகத் தருவதற்கு முன் தாய்ப் பத்திரம், 30 ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் ஆகியவற்றின் நகல்களைப் பெற்று வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வங்கியின் சட்ட ஆய்விலோ மதிப்பீட்டிலோ குறை கண்டு கடன் மறுக்கப்பட்டால் அல்லது குறைக்கப்பட்டால், முன்பணம் முழுவதையும் குறித்த நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் செய்யுங்கள். இந்த ஒற்றை வரி இருந்திருந்தால், மேலே கண்ட குடும்பத்தின் முன்பணம் தப்பியிருக்கும்.

ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால் இசைய வேண்டாம். அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. கணக்கில் வராத தொகைக்குக் கடனும் கிடைக்காது. பின்னாளில் நீங்கள் விற்கும்போது, வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் மூலதன ஆதாய வரியும் கூடும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ எனில், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீத வரியைப் பிடித்து அரசுக்குச் செலுத்துவது வாங்குபவரின் கடமை என்பதையும் மறவாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் விற்பவர் 72 லட்சத்திலிருந்து இறங்க மறுத்தால், வணக்கம் கூறி விடைபெறுங்கள். வேறொரு வீடு வரும். முன்பணம் கைமாறிவிட்டால் அவ்வாறு எழுந்து வருவது எளிதன்று. ஆகவே வீடு பிடித்தவுடன், முன்பணம் தருவதற்கு முன்னரே, ஆவண நகல்களுடன் உங்கள் வங்கிக் கிளைக்கு வாருங்கள். உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கடன் பெறலாம், அந்த வீட்டுக்கு எவ்வளவு தரலாம் என்னும் இரண்டையும் தெரிந்துகொண்டு, பிறகு விற்பவரின் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.