உஷ்ணமும் ஈரமும்: வீட்டுக்கு ஒரு காவல்காரன்



தலைச்சுற்றல், குமட்டல், கைகால் பிடிப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "தண்ணி குடிச்சீங்களா?" அடுத்தது, "ராத்திரி வீட்டுல காத்து வந்துச்சா?" இரண்டாவது கேள்விக்குப் பலர் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

உடம்பு தன் உஷ்ணத்தைத் தணிப்பது வேர்வையால். வேர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை சொட்டுமே தவிர காயாது. அமெரிக்க வானிலைத் துறையின் கணக்குப்படி 32 டிகிரி உஷ்ணமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சேர்ந்தால், உடம்புக்குச் சுமார் 41 டிகிரி போல இருக்கும். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் இதைச் சொல்லாது.

நம் பிள்ளைகள் பலர் வேலை பார்க்கும் சிங்கப்பூரில், 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு வெளிவேலைக்கு விதி கொண்டுவந்தது. வெயில், ஈரம், காற்று எல்லாம் சேர்த்துச் சொல்லும் 'டபிள்யு.பி.ஜி.டி.' அளவை மணிக்கொரு தடவை பார்க்க வேண்டும். அது 32 ஆனால் கடும் வேலை செய்கிறவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிஷ ஓய்வு. 33 ஆனால் 15 நிமிஷம். அளவு கையில் இருந்தால்தான் ஓய்வைக் கேட்க வாய் வரும்!

வெளியே அளக்கிறார்கள். தகரக்கூரைக்குக் கீழே படுத்திருக்கும் பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் யார் அளப்பது? நாமே அளக்கலாம்.

தேவை மூன்று சாமான்: 'இ.எஸ்.பி. 8266' என்னும் வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை, 'டி.எச்.டி. 22' என்னும் உஷ்ண-ஈர உணரி, பழைய கைப்பேசி சார்ஜர். லிட்டில் இந்தியாவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள், ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்கு நடந்தே போய் இத்தகைய மின்னணுச் சாமான்களைப் பார்க்கலாம்.

உணரியில் மூன்று கால் உள்ள வகையைக் கேளுங்கள். ஒரு கால் பலகையின் 3.3 வோல்ட்டுக்கு, ஒன்று 'கிரவுண்ட்' முனைக்கு, மற்றது தகவல் முனைக்கு. மாற்றிக் கொடுத்தால் உணரி கெட்டுப்போகும். எழுத்தைப் பார்த்துச் செய்யுங்கள். 'ஆர்டுயினோ' மென்பொருளில் நிரலை ஏற்றுவதைப் படிக்கிற பிள்ளைகளிடம் விடுங்கள். உணரும் உஷ்ணத்தைக் கணக்கிடும் வசதி இந்த உணரிக்கான நிரல் தொகுப்பிலேயே உண்டு. அது 40ஐத் தொட்டால் கைப்பேசிக்குச் செய்தி வரும்படி வைக்கச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும் மகளுக்கும் வீட்டு நிலவரம் தெரியும்.

எங்கள் வீட்டில் முதலில் அடுப்படிப் பக்கம் மாட்டிவிட்டு, எண்ணைப் பார்த்துப் பதறிப்போனேன்! அடுப்பு, வெயில், டிவி இவற்றுக்குத் தள்ளி, ஆள் படுக்கும் அறையில் வையுங்கள். பலகையும் சூடாகும், உணரி அதை ஒட்டி இருக்கக் கூடாது. இன்னொன்று: இது வீட்டுக்குத்தான். வெயிலையும் காற்றையும் இது அளக்காது. இதைக் காட்டி வெளிவேலையை முடிவு செய்யாதீர்கள்.

செய்தி வந்தால் என்ன செய்வது? ஜன்னலைத் திறங்கள். உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறியைப் போடுங்கள். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள்.

ஆள் உளறினாலோ, மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ அது உஷ்ண வாதம், உயிருக்கே ஆபத்து. வேர்வை இருக்கிறதே என்று தாமதிக்காதீர்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 அழையுங்கள்.

கருவி எண்ணைத்தான் சொல்லும். பக்கத்து வீட்டுக் கிழவியை எட்டிப்பார்க்க வேண்டியது நாம்தான்.