தகப்பன் வாயில் வளரும் அரோவானா

கட்லா, ரோகு வளர்க்கும் விவசாயிகளுக்கு இன்று மீன் குஞ்சு கிடைப்பது அரிதல்ல. 1957-ல் ஹிராலால் சௌதுரியும் அவருடைய குழுவினரும் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை இன மீன்களை முட்டையிட வைத்தனர். அதன் பயனாக, நன்கு சினைப்பட்ட ஒரு தாய் மீனிடமிருந்து ஒரே இரவில் லட்சக்கணக்கான முட்டைகளைப் பெற முடிகிறது.

இதற்கு நேர் எதிரான மீன் ஒன்று உண்டு. அதன் தாய் மீன் ஒரு தடவைக்குச் சில பத்து முட்டைகளே இடும். குஞ்சுகளைக் காப்பது தகப்பன் மீன். அதுவும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் நாடுகளின் பண்ணைகளில் வளர்க்கப்படும் ஆசிய அரோவானாதான் அது.

வேட்டை மீன்

இது மூன்றடி நீளம் வரை வளரும். நாணயம் போன்ற பெரிய செதில்களும், தாடையில் இரண்டு மீசைகளும் உண்டு. வாய் மேல்நோக்கி அமைந்திருக்கும். நீரின் மேல்மட்டத்தில் நீந்திப் பூச்சி, தவளை, சிறு மீன்களைப் பிடித்துத் தின்னும். நீருக்கு மேலே கிளையில் இருக்கும் பூச்சியையும் துள்ளிப் பிடிக்கும்.

சருகு ஊறித் தேநீர் நிறத்தில் மெதுவாக ஓடும் காட்டாறுகளும் ஏரிகளுமே இதன் இருப்பிடம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள புக்கிட் மேரா ஏரி பொன்னிற ரகத்துக்குப் பேர் பெற்றது. செந்நிற ரகம் இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தானில், கப்புவாஸ் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது.

ஒரு காலத்தில் ஆற்றோர மக்கள் இதைக் குழம்புக்குப் பிடித்தார்கள். பின்னர், சீனர்கள் போற்றும் டிராகனைப் போன்ற தோற்றம் உடையது, வீட்டில் வளர்த்தால் செல்வம் சேரும் என்ற நம்பிக்கை பரவியது. விலை ஏறியது, ஆறுகளில் வேட்டையும் பெருகியது. குறைவாக முட்டையிடும் மீன் இந்த வேட்டையைத் தாங்குமா? குஞ்சு காக்கும் ஒரு தகப்பனைப் பிடித்தால் ஓர் ஈடு முழுவதும் போய்விடும் அல்லவா?

அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' என்ற பன்னாட்டு உடன்பாடு 1975-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் பட்டியலில் இந்த மீனும் இடம் பெற்றது. ஆற்றில் பிடித்த மீனை நாடு விட்டு நாடு விற்பது தடை செய்யப்பட்டது. பதிவு பெற்ற பண்ணைகளில் பிறந்த மீனை மட்டும் உரிய அனுமதியுடன் விற்கலாம். பண்ணையில் பிறந்த மீன்களே மறுபடி குஞ்சு ஈனும் அளவுக்குத் தேர்ச்சி பெற்ற பண்ணைகளுக்குத்தான் இந்தப் பதிவு கிடைக்கும்.

குளத்தில் நடப்பது என்ன?

பண்ணையில் தாய் மீன்களை மண் குளத்தில் விடுகிறார்கள். மீன் பருவத்துக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். ஆண், பெண் பிரித்தறிவதும் கடினம். ஆணுக்குத் தலை சற்றுப் பெரியது, வாய் அகலமானது என்று தேர்ந்த கண்களே கண்டுகொள்ளும். ஆகவே பல மீன்களை ஒன்றாக விட்டு, அவையே ஜோடி சேர விட்டுவிடுகிறார்கள். குளம் அமைதியாக இருக்க வேண்டும். தண்ணீர் திடீரென்று மாறக் கூடாது. மீன் துள்ளி வெளியே விழாமலும், திருட்டுப் போகாமலும் சுற்றிலும் அடைப்பு தேவை. இறால், சிறு மீன், பூச்சிகள் ஆகியவை தீனி.

பெண் இடும் முட்டை ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு இருக்கும். ஆண் அவற்றை வாயில் அள்ளிக்கொள்ளும். முட்டை பொரிந்த பின்னும், கருவூண் பை கரைந்து குஞ்சுகள் தாமாக நீந்தும் வரை, ஏறத்தாழ இரண்டு மாதம் வாயிலேயே வைத்திருக்கும். அந்த நாட்களில் அது இரை எடுப்பதில்லை.

பண்ணையாளரின் திறமை இங்கேதான் தெரியும். வலையிட்டு மீன்களைப் பிடித்து, தொண்டை புடைத்திருக்கும் ஆணைத் தனியே எடுக்கிறார்கள். ஈரத் துணியால் பிடித்து, கீழ்த்தாடையை மெல்லத் திறந்து, குஞ்சுகளைத் தண்ணீரில் விழச் செய்கிறார்கள். சீக்கிரம் எடுத்தால் இளங்குஞ்சுகள் பிழைப்பது கடினம். வலையில் முரட்டுத்தனம் காட்டினால், மிரண்ட மீன் குஞ்சுகளை உமிழ்ந்துவிடும், அல்லது விழுங்கிவிடும். எடுத்த குஞ்சுகளைக் கண்ணாடித் தொட்டியில், காற்றூட்டிய சுத்தமான நீரில் வைக்கிறார்கள். கருவூண் பை கரைந்ததும் சிறு புழு, சிறு மீன் ஆகியவற்றைக் கொடுக்கிறார்கள். ஒன்றையொன்று கடிப்பதால் வளர வளரப் பிரித்து வைக்கிறார்கள்.

ஓரளவு வளர்ந்த மீனின் தசையில் அரிசி மணி போன்ற 'மைக்ரோ சிப்' ஒன்றைச் செலுத்துகிறார்கள். அதன் எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் அது பண்ணை மீன் என்பதற்கு ஆதாரம்.

நாம் கவனிக்க வேண்டியவை

நம் ஊர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளி அரோவானா வேறு இனம்; தென் அமெரிக்காவின் அமேசான் பகுதியைச் சேர்ந்தது. ஆசிய அரோவானா என்று யாராவது விற்க வந்தால் சான்றிதழையும் சிப் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்தின்படி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் அதை முறைப்படி தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும்.

தொழிலாக எண்ணுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. முதல் குஞ்சைக் காணவே ஆண்டுக்கணக்கில் தீனிச் செலவு செய்து காத்திருக்க வேண்டும். கிடைப்பதும் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். கெண்டைக் குளத்தின் கணக்கு இதற்குப் பொருந்தாது.

பண்ணைகள் ஆற்று மீனின் மேல் விழுந்த வலையை ஓரளவு விலக்கியுள்ளன என்பது பெரிய நன்மை. ஆனால் பண்ணை நிறைந்திருப்பதால் ஆறும் நிறைந்துவிட்டதாக எண்ணக் கூடாது. கரையில் காடும், காட்டில் சருகும், ஆற்றில் தெளிந்த ஓட்டமும் இருந்தால்தான் அங்கே அரோவானா வாழும். அவற்றைத் தொட்டியில் வளர்த்துத் தர எந்தப் பண்ணையாலும் முடியாது.