நீளப் பலகையின் வயதும் ஈரமும்

அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு சர்ஃப் பலகை பற்றி எழுதுகிறானே என்று தோன்றலாம். கமுதி, சாயல்குடி தாண்டினால்தான் எங்களுக்குக் கடல். ஆனால் பழைய பலகையைச் சீர் செய்ய அலை வேண்டாம், காய்ந்த காற்றுதான் வேண்டும். அது அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வருஷத்தில் பெரும்பாலான மாசம் சும்மாவே கிடைக்கிறது.

பலகை தங்கச்சிமடத்து நண்பருடையது. "மாப்ள, அறுபதுகள்ல ஒரு வெள்ளைக்காரர் எங்கப்பாகிட்ட விட்டுட்டுப் போனதாம். ஒருத்தர் நல்ல விலை சொல்றாரு. நிஜமாவே அவ்வளவு பழசுன்னா வித்துட்டு வள்ளத்துக்கு இன்ஜின் போட்டுருவேன். இல்லைன்னா ஓட்டையை அடைச்சுக் குடு, பொண்ணு ஓட்டட்டும்" என்றார். இங்கே பட்டறைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு பெயின்ட் அடிச்சுரலாம் என்றார். அப்படிச் செய்தால் வயது சொல்லும் தடயம் பாதி மறைந்துவிடும். முதலில் அடையாளம், பிறகுதான் வேலை.

இந்தியாவில் சர்ஃபிங் முறையாகப் பரவியது 2000க்குப் பிறகுதான். கர்நாடகாவின் முல்கியில் ஜாக் ஹெப்னர் சர்ஃப் கிளப் தொடங்கியது 2004ல். கோவளம், மாமல்லபுரம் எல்லாம் பெயர் வாங்கியது அதையொட்டி. அதனால் அதற்கு முந்தைய பலகை எதுவானாலும் யாரோ ஒரு பயணி சுமந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். நண்பரின் குடும்பக் கதை நடக்கக்கூடியதே. ஆனால் நடக்கக்கூடிய கதை வேறு, நடந்த கதை வேறு.

பலகை 9 அடி 4 அங்குலம். நீளத்தைப் பார்த்தே பலர் 'அறுபதுகள்' என்று சொல்லிவிடுகிறார்கள். 1967, 68 வரை 9 அடி, 10 அடி பலகைதான் வழக்கம் என்பது சரி. அப்புறம் சில வருஷத்துக்குள் குட்டைப் பலகைகள் வந்து நீளப் பலகையை ஓரங்கட்டின. ஆனால் பிற்பாடு நீளப் பலகை திரும்பவும் வந்துவிட்டது, இன்றைக்கும் செய்கிறார்கள். எனவே நீளத்தை வைத்து வயது சொல்ல முடியாது.

வாலைத்தான் பார்க்க வேண்டும். பழைய பலகைகளில் ஒரே ஒரு துடுப்பு, அதுவும் கண்ணாடியிழையும் ரெசினும் போட்டுப் பலகையோடு நிரந்தரமாக ஒட்டியிருக்கும். துடுப்பைக் கழற்றி மாட்டுகிற பெட்டி அறுபதுகளின் கடைசியில்தான் பரவலாக வரத் தொடங்கியது. நண்பரின் பலகையில் நடுவில் பெட்டி, இரண்டு பக்கமும் சின்னத் துடுப்புகள். அடுத்தது கணுக்காலில் கட்டும் கயிற்றுக்கான குழி. அந்தக் கயிறு 1970களில் வந்த சமாச்சாரம். பிறகு யாராவது துளைத்து வைத்திருக்கலாம் அல்லவா? அப்படியானால் குழியைச் சுற்றி ரெசினின் நிறம் மாறியிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். பெட்டியைச் சுற்றியும் குழியைச் சுற்றியும் பலகை முழுக்க ஒரே மஞ்சள். தயாரிக்கும்போதே வைத்தவை.

நடுவே ஓடும் மரப்பட்டையில், கண்ணாடியிழைக்கு அடியில், செதுக்கியவர் பென்சிலில் அளவோ எண்ணோ எழுதியிருப்பார். ஈரத்துணியால் துடைத்தால் தெளிவாகத் தெரியும். இதில் நீள, அகல, கன அளவுகள் மட்டும் இருந்தன, பெயர் இல்லை. அறுபதுகளின் துணியில் அடிக்கடி காணப்படும் லேசான பச்சை நிறமும் இல்லை. அறுபதுகள் கிடையாது என்று உறுதியாகச் சொல்லலாம். எண்பதுகளுக்குப் பிந்தையது என்பது என் கணிப்பு.

நண்பருக்கு போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "விலை சொன்னவருக்கு இதெல்லாம் தெரியாதுல்ல?" என்றார். தெரியாமல் இருக்கலாம். ஆனால் பெட்டியும் குழியும் யார் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் இருக்கின்றன, விற்ற பிறகு தெரிந்தால் சண்டை உங்கள் வாசலுக்குத்தான் வரும் என்றேன். "அப்ப அடைச்சுரு" என்றார்.

அடைக்கும் முன் உள்ளே என்ன நுரை என்று தெரிய வேண்டும். 1950களின் கடைசி வரை பால்சா மரம். அதன்பின் பாலியூரிதீன் நுரை. பிற்பாடு சிலவற்றில் தெர்மோகோல் வகை (ஆமாம், வைகை அணையில் மிதக்கவிட்ட அதே தெர்மோகோல்). மீன்பிடி வள்ளத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நம் ஊரில் பூசும் பாலியெஸ்டர் ரெசின் பாலியூரிதீனில் நன்றாகப் பிடிக்கும், தெர்மோகோலையோ கரைத்துவிடும். அதற்கு எபாக்ஸி ரெசின்தான். உடைந்த இடத்திலிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டி ஸ்பூனில் வைத்து, மேலே ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பாருங்கள். கூழானால் தெர்மோகோல். இது அப்படியே கிடந்தது; பாலியூரிதீன்.

இனி ஈரம். ஈரம் உள்ளே இருக்க மேலே அடைத்தால் ஒட்டு பிடிக்காது, வெயிலில் தோல் குமிழாக எழும்பும். கட்டுமரக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும். நான் ஓட்டைகளைத் திறந்து நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, உடைப்பு கீழே பார்க்கிற மாதிரி திண்ணையில் சாய்த்து வைத்தேன். நேர் வெயிலில் வைக்கக்கூடாது. எங்கள் ஊர் மே மாச வெயில் பலகையின் தோலை உரித்துவிடும். வாரம் ஒருமுறை பழைய பேப்பர் கடைத் தராசில் எடை. வந்தபோது 15.8 கிலோ, அடுத்த வாரம் 15, பிறகு 14.4. தொடர்ந்து இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது என்று அர்த்தம்.

ரெசின் வேலையை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். மதிய வெக்கையில் கலக்கும்போதே டப்பாவில் இறுகிவிடும். முக்கியமான ஒன்று: ரெசினில் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றது. தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். துணி வாங்கும்போது வள்ளத்துக்குப் போடும் தடித்த மேட் வேண்டாம், நெய்த கண்ணாடியிழைத் துணி கேளுங்கள், கனம் ஏறாது.

போன வாரமும் இந்த வாரமும் 14.1 கிலோ. காய்ந்துவிட்டது. ஆனால் இப்போது ஆடிக் காற்று, திருச்சுழிப் பக்கத்துப் புழுதி எல்லாம் ஈர ரெசினில்தான் வந்து உட்காரும். காற்று அடங்கட்டும் என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.