தேவ்லி: முகமே குற்றமான கதை

1962இல் சீனப் போர் ஒரு மாதத்தில் முடிந்தது. ராஜஸ்தான் முகாமில் அடைக்கப்பட்ட சீன வம்சாவளியினரில் சிலர் வீடு திரும்ப நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அஸ்ஸாமின் மாக்கும், ஷில்லாங், டார்ஜிலிங். 1962 நவம்பரில் இந்த ஊர்களில் சீனக் குடும்பங்களின் கதவைப் போலீஸ் தட்டியது. உடுத்த துணியோடும் கையில் கிடைத்த பணத்தோடும் கிளம்பினார்கள். முதலில் உள்ளூர்ச் சிறை. பிறகு பல நாள் ரயில் பயணம். முடிவில், ராஜஸ்தானின் தேவ்லி முகாம். 1941இல் ஜெயப்பிரகாஷ் நாராயணனை பிரிட்டிஷார் அடைத்துவைத்திருந்த அதே தேவ்லி.

இப்படி அடைக்கப்பட்டவர்கள் சுமார் 3,000 பேர். முதியவர்கள், கர்ப்பிணிகள், பள்ளிப் பிள்ளைகள் யாரும் தப்பவில்லை. ஓட்டல், செருப்புக் கடை, தச்சுப்பட்டறை என்று பிழைத்தவர்கள். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்களின் சந்ததியினரும் உண்டு. பலருக்குச் சீன மொழியைவிட அஸ்ஸாமியும் நேபாளியும் இந்தியுமே சரளம்.

எல்லோரும் இந்தியக் குடிமக்கள் அல்ல. சிலரிடம் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. ஆனால் இங்கேயே பிறந்த குடிமக்களையும் சட்டம் விட்டுவைக்கவில்லை. பெற்றோரோ தாத்தா பாட்டியோ எதிரி நாட்டின் குடிமக்களாக இருந்திருந்தாலே போதும், ஒருவர்மீது அயல்நாட்டவர் சட்டத்தைப் பிரயோகிக்கலாம் என்று 1962இல் புதிய சட்டம் வந்தது. கோர்ட்டும் கைகொடுக்கும் நிலையில் இல்லை. இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைதானவர்கள் 21, 22ஆம் பிரிவுகளின்படி நீதி கேட்க முடியாதபடி நவம்பர் 3ஆம் தேதி குடியரசுத் தலைவர் உத்தரவிட்டார். இத்தனைக்கும் இரு நாடுகளும் முறைப்படி போர்ப் பிரகடனம் செய்யவே இல்லை.

நவம்பர் 21இல் சீனா போர்நிறுத்தம் அறிவித்தது. முகாம் மூடப்படவில்லை. 1963இல் சீனா அனுப்பிய கப்பல்கள் மதராஸ் துறைமுகத்திலிருந்து மூன்று தடவையாக 2,000க்கும் மேற்பட்டவர்களை ஏற்றிச் சென்றன. அவர்களில் பலர் அதுவரை சீனாவைப் பார்த்ததே இல்லை. கணவன் அங்கே, இந்திய மனைவி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன.

போக மறுத்தவர்கள் சிறுகச் சிறுக விடுதலையானார்கள். திரும்பி வந்தால், வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன. போலீஸ் கண்காணிப்பும் தொடர்ந்தது. பலர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. 2010இல் ரீட்டா சௌத்ரியின் அஸ்ஸாமிய நாவல் ‘மாகாம்’ இந்த மௌனத்தைக் கலைத்தது. டொரன்டோவில் வாழும் முன்னாள் கைதிகள் சங்கம் அமைத்து, இந்திய அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கோரினார்கள்.

இது நடக்காத காரியமல்ல. இரண்டாம் உலகப் போரில் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்த அமெரிக்கா, 1988இல் சட்டம் இயற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் கொடுத்தது.

இந்தியாவும் ஒரு பாடம் கற்றது, ஆனால் வேறொரு அனுபவத்திலிருந்து. 1975 நெருக்கடி நிலைக்குப் பிறகு, 1978இல் வந்த 44ஆவது திருத்தத்தின்படி, நெருக்கடி காலத்திலும் 21ஆம் பிரிவு தரும் உயிர், சுதந்திர உரிமைகளை முடக்க முடியாது. அந்தத் திருத்தம் தேவ்லிக்குப் போனவர்களுக்கு 16 ஆண்டுகள் தாமதமாக வந்தது. அன்று முள்வேலிக்குள் விளையாடிய குழந்தைகளுக்கே இன்று 60 வயதைத் தாண்டிவிட்டது. மன்னிப்பைக் கேட்டுக்கொள்ள அவர்களாவது இருக்க வேண்டும்.