அப்பாரு ஜீப்பைப் புதுப்பிக்கலாம்... அதன் பெயரை போர்டில் எழுதலாமா?

தாராபுரம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், சாளை ஓரமாகத் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய ஜீப்பைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாரு காலத்து வண்டி. பேரனுக்கு அதைப் பழைய இரும்புக்குப் போட மனசு வரவில்லை; பட்டறைக்குக் கொண்டுபோகிறார். துருப்பிடித்த தகட்டை வெட்டியெடுத்து, டிங்கரிங் பார்த்து, இன்ஜினைப் பிரித்துக் கோத்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தால் வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது.

அதுவரை பிரச்னை இல்லை. பட்டறைக்காரர் கார் கம்பெனியின் லோகோவைக் கடை போர்டில் பெரிதாக வரைந்து, அதே லோகோ பொறித்த கிரில்லைத் தானே செய்து நான்கு பேருக்கு விற்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வண்டி பேரனுடையது. பெயர் யாருடையது?

நின்றுபோன காருக்கும் சொந்தக்காரர் உண்டு

'அந்த காரே இப்போ வர்றதில்லை, யார் கேட்கப்போறாங்க?' என்று நினைப்பவர்கள் அம்பாசடர் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்கு வங்கத்தின் உத்தரபாரா ஆலையில் 2014-ல் அதன் உற்பத்தி நின்றது. ஆனால், 2017-ல் 'அம்பாசடர்' என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸின் பியூஜோ நிறுவனத்துக்கு விற்றது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். அதேபோல 2022-ல் 'கான்டெஸ்ஸா' பெயரும் இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற ஒப்பந்தம் ஆனது. கார் நின்றாலும் பெயருக்கு விலை இருக்கிறது. விலை கொடுத்து வாங்கியவர் அதைக் காப்பாற்றவும் பார்ப்பார்.

டொயோட்டாவை எதிர்த்து நின்ற உதிரிபாகக் கம்பெனி

பெரிய கம்பெனி வழக்கு போட்டாலே சின்னவர் தோற்றுவிடுவார் என்பதும் இல்லை. டெல்லியைச் சேர்ந்த பிரியஸ் ஆட்டோ இண்டஸ்ட்ரீஸ், 2001 முதல் 'பிரியஸ்' என்ற பெயரில் கார் உதிரிபாகங்களையும் அலங்காரப் பொருட்களையும் விற்றுவந்தது. டொயோட்டாவோ 1997-லேயே ஜப்பானில் 'பிரியஸ்' காரை அறிமுகப்படுத்தியிருந்தது. இந்தியாவில் அந்த கார் 2010-ல்தான் விற்பனைக்கு வந்தது.

உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. உலகத்தில் புகழ் இருந்தால் போதாது. 2001-லேயே இந்தியாவில் அந்தப் பெயருக்கு நற்பெயர் இருந்ததைக் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். டொயோட்டாவால் அதைக் காட்ட முடியவில்லை. 'பிரியஸ்' பெயர் டெல்லி நிறுவனத்திடமே தங்கியது.

ஆனால், 'டொயோட்டா', 'இன்னோவா' என்ற பெயர்களை அந்த நிறுவனம் இஷ்டப்படி பயன்படுத்த அனுமதி கிடைக்கவில்லை. இந்தப் பொருள் எந்த காருக்குப் பொருந்தும் என்று அடையாளம் சொல்ல மட்டும் எழுதலாம். டொயோட்டா எழுதும் அதே எழுத்து பாணியில் எழுதக் கூடாது. 'ஜெனியூன் ஆக்சஸரீஸ்' என்று போட்டால், அது பிரியஸ் நிறுவனத்தின் பொருள் என்பது தெரிய வேண்டும் என்றது டெல்லி உயர் நீதிமன்றம். சின்னப் பட்டறைகளுக்கும் இது நல்ல வழிகாட்டி.

முகமும் முத்திரைதான்

பெயரையே எழுதாவிட்டாலும் சிக்கல் வரலாம். 1947-ல் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய மஹிந்திராவுக்கே இந்த அனுபவம் உண்டு. 2018-ல் அமெரிக்காவில் 'ராக்ஸர்' என்ற வண்டியை அது இறக்கியபோது, ஜீப்பின் உரிமையாளரான ஃபியட் கிரைஸ்லர் புகார் செய்தது. பெட்டி போன்ற உடம்பு, பானெட்டின் வெளியே தெரியும் கொண்டி என ஜீப்பின் தோற்றத்தையே எடுத்துவிட்டார்கள் என்பது வாதம். 2020 ஜூனில் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையம் அதை ஏற்றது. மஹிந்திரா வடிவத்தை மாற்றியது; அந்த மாறிய வடிவம் மீறல் இல்லை என்று அதே ஆண்டு டிசம்பரில் ஆணையம் சொன்னது.

சட்டம் எங்கே இடம் விடுகிறது?

வர்த்தக முத்திரைச் சட்டம் 1999-ன் 30-வது பிரிவு பட்டறைகளுக்கு ஒரு வழி விடுகிறது. நீங்கள் செய்த உதிரிபாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று சொல்ல நியாயமாகத் தேவைப்பட்டால், கம்பெனியின் பெயரைச் சொல்லலாம். முறைப்படி வாங்கிய வண்டியை அதே பெயரில் திரும்ப விற்கலாம். ஆனால், வண்டியின் நிலையையே மாற்றிவிட்டு விற்றால், முத்திரைக்குச் சொந்தக்காரர் ஆட்சேபிக்க அதே பிரிவு இடம் தருகிறது.

போலி லோகோவை அடித்து ஒட்டுவது வேறு விஷயம். 103-வது பிரிவின்படி அதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பட்டறைக்காரர்கள் கவனத்துக்கு...

* கடைக்குச் சொந்தப் பெயர் வையுங்கள். 'இன்ன வண்டிகள் இங்கே புதுப்பித்துத் தரப்படும்' என்று சாதாரண எழுத்தில் எழுதுங்கள். லோகோ வேண்டாம்.
* 'அங்கீகரிக்கப்பட்ட', 'ஒரிஜினல்' போன்ற சொற்களை, உண்மையாக இருந்தால் மட்டும் போடுங்கள். போர்ஷே 911 கார்களைப் புதுப்பித்துக் கொடுத்து உலகப் புகழ் பெற்ற கலிஃபோர்னியாவின் சிங்கர் நிறுவனமே, தனக்கும் போர்ஷேவுக்கும் தொடர்பில்லை என்று வெளிப்படையாக அறிவிக்கிறது.
* நீங்களே வார்த்த பாகத்தில் உங்கள் முத்திரையைப் போடுங்கள். தனிநபரும் சிறு நிறுவனமும் ஆன்லைனில் ஒரு வகைப் பொருளுக்கு முத்திரை பதிய அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது.
* ஆர்.சி-யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தனிக் கணக்கு.

அப்பாரு ஜீப்பின் முன்பக்கத்தில் பழைய பெயர்ப் பலகை இருந்தால், பேரன் அதைத் துடைத்து அதே இடத்தில் மாட்டிக்கொள்ளலாம். அது அந்த வண்டியோடு வந்தது. பட்டறைக்காரர் தன் பெயரை எழுத வேண்டிய இடம் கடை போர்டு. நல்ல வேலை செய்தால், அந்தப் பெயரையும் நாலு ஊர்க்காரர்கள் தேடி வருவார்கள்.