இராணித் தேனீயை மண் கிளற வைக்கும் புழு

குடற்புழு நம்மவர்க்குப் புதியதன்று. அதே உருளைப்புழு வகையைச் சேர்ந்த மற்றொன்று, தான் குடியேறிய தேனீயின் நடத்தையையே மாற்றிவிடுகிறது. ஸ்பேருலேரியா பாம்பி என்பது அதன் பெயர்.

நமக்குத் தேன் தரும் தேனீயை இது தாக்குவதில்லை. குளிர்நாடுகளில் மிகுதியாக வாழும், உடலெங்கும் உரோமம் அடர்ந்த பம்பிள் தேனீயே இதற்கு இரை. அத்தேனீக்களுள் கருவுற்ற இளம் இராணிகள் மட்டுமே குளிர்காலத்தைக் கடக்கும். அவை மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். வசந்தத்தில் ஒவ்வோர் இராணியும் தனித்தே கூடு கட்டி முட்டையிட வேண்டும். ஆகவே, ஓர் இராணி கெட்டால் ஒரு குடியே தோன்றாமற் போகும்.

மண்ணில் உறங்கும் அவ்வேளையில்தான் புழு உட்புகுகிறது. அதன் நீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரே. புகுந்தபின் நிகழ்வது பெரும் விந்தை! புழுவின் கருப்பை அதன் உடலுக்கு வெளியே பிதுங்கி, தானே உணவை உறிஞ்சி, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வளர்கிறது. புழுவோ அதன் ஓரத்தில் சிறு நூல்போல் ஒட்டிக் கிடக்கும்.

வசந்தம் வந்ததும் இராணி வெளியே வரும், மலர்களை நாடும், ஆனால் கூடு கட்டாது. ஐரோப்பாவில் மற்ற இராணிகள் கூட்டில் குடும்பம் நடத்தும் மே, ஜூன் மாதங்களில், இது தரையை ஒட்டித் தாழப் பறந்து, குளிர்கால உறக்கத்துக்கு ஏற்ற இடங்களில் இறங்கி மண்ணைக் கிளறும். கிளறும்பொழுது அதன் உடலிலிருந்து புழுக்குஞ்சுகள் மண்ணில் உதிர்கின்றன. அவை அங்கேயே வளர்ந்து இணைகூடி, அடுத்து உறங்க வரும் இராணிகளுக்காகக் காத்திருக்கும்.

புழு இராணியை ஏவுகிறது என்று கூறுவது எளிது. உள்ளே நடப்பது வேறு. முட்டைப்பையை வளரச் செய்யும் சுரப்பிகள், புழுவுற்ற இராணியின் தலையில் குன்றிக் கிடக்கின்றன. முட்டையில்லாத இராணிக்குக் கூடு தேடும் நாட்டம் எழுவதில்லை. உறங்கிடம் தேடும் பழைய நாட்டமே மேலோங்குகிறது என்று கொள்வது பொருந்தும்.

நம் செம்பனைத் தோட்டத் தொழிலாளர்க்கு இதில் ஓர் அக்கறை உண்டு. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதற்காகக் கேமரூனிலிருந்து 1981-இல் மலேசியாவுக்குத் தருவிக்கப்பட்ட வண்டுகளை அவர்கள் அறிவர். அவ்வண்டின் உடலிலும் உருளைப்புழு ஒன்று வாழ்கிறது. 2002-இல் அதற்குப் பெயரிட்ட ஆய்வாளர்கள், அதனை இந்தத் தேனீப் புழுவின் பெருங்குடும்பத்திலேயே சேர்த்துள்ளனர்.